கேட்டதும் சொன்னதும்: கரிகாலனுக்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள்?

கே: கரிகாலன் கல்லணை கட்டிய பிறகுதான் டெல்டாவில் விவசாயமே வந்தது என்று என் மாமனார் அடித்துச் சொல்கிறார். அதுவரை இங்கே வெறும் காடுதானா?
(வாசகி, நீடாமங்கலம்)

ப: மாமனாரோடு சண்டை வேண்டாம், பாதி சரிதான். ஆனால் ஆளே இல்லாத ஊருக்கு யாராவது மெனக்கெட்டு அணை கட்டுவார்களா? தஞ்சாவூருக்குப் பக்கத்தில் வல்லத்துச் செம்மண் மேட்டைத் தோண்டியபோது கருப்பு சிவப்புப் பானை ஓடுகள் கிடைத்தன, இரும்புக்காலத்து மனுஷர்கள் புழங்கியவை. வெள்ளம் ஏறாத மேடு, அதனால் அங்கே இருந்திருக்கிறார்கள். அப்புறம் ஆற்றங்கரை. வெள்ளம் கரை வழியும்போது வண்டலை முதலில் கரையோரமாகத்தான் போடும், அதனால் நம் ஆறுகளுக்குக் கரை உயரம், வயல் பள்ளம். தஞ்சாவூரில் திருவையாறு பஸ் ஏறிப் பாருங்கள்: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம், ஒவ்வொன்றுக்கும் பஸ் ஏறி இறங்கும். அந்த மேட்டில் வீடு, பின்னால் பள்ளத்தில் நெல். வாய்க்கால் வெட்ட வெட்டத்தான் உள்ளே இருந்த தாழ்வான நிலமெல்லாம் நஞ்சையாகியிருக்கும்.

கல்லணையின் வேலை தண்ணீரைத் தேக்குவது இல்லை. கொள்ளிடம் காவிரியைவிடத் தாழ்வு, விட்டால் தண்ணீர் அந்தப் பக்கம் சரிந்து கடலுக்குப் போய்விடும், அதை மறித்துக் காவிரிப் பக்கமே திருப்பிவிடுவதுதான் வேலை. ஆற்று மணலில் கல்லைப் போட்டு, அது புதையப் புதைய மேலே இன்னொன்றைப் போட்டு எழுப்பியது. இந்த வித்தையைப் பார்த்து வியந்துதான் ஆங்கிலேய இன்ஜினியர் ஆர்தர் காட்டன் 1836-ல் முக்கொம்பில் மேலணை கட்டினார்.

கே: எங்கள் பக்கத்தில் இத்தனை 'மங்கலம்' ஏன்?
(வாசகர், கும்பகோணம்)

ப: பெரும்பாலும் சோழர் காலத்துச் சதுர்வேதிமங்கலங்களின் வால். பிராமணர்களுக்கு ராஜா விட்ட ஊர், பிரமதேயம் என்பார்கள். தானம் வாங்கியவர் பெயர், கொடுத்தவர் பெயர் எல்லாம் செப்பேட்டில் உண்டு. சேற்றில் நின்று வாய்க்கால் வெட்டியவர் பெயரை மட்டும் தேடித்தான் பார்க்க வேண்டும். பெரிய கோயில் கல்வெட்டுகளில், ஊருக்கு ஊர் வரி இல்லாத நிலம் எது என்று சொல்லும் இடத்தில், ஊர்நத்தம், குளம், ஊடறுத்துப் போன வாய்க்கால், கம்மாளர்கள் இருந்த கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று வரிசை வரும். ஆக, ஆயிரம் வருஷத்துக்கு முன்பே குடியிருப்பு தனித்தனி, சேரி தனி. கல்வெட்டின் இந்த வாசகத்தை விட்டுவிட்டுச் சோழர் பெருமை பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

கே: அப்பா "நமக்கு மூணு மா" என்கிறார், பட்டாவிலோ 40 ஏர் என்று இருக்கிறது. யாரை நம்புவது?
(வாசகர், மன்னார்குடி)

ப: இரண்டும் ஒன்றுதான். ஏர் என்பது நூறு சதுர மீட்டர்; குழி, மா, வேலி எல்லாம் நம் பழைய நில அளவுகள். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. கல்வெட்டில் இருக்கிற அதே வேலி, அதே மா. ஆனால் அளக்கிற கோல் இடத்துக்கு இடம் மாறியது. இன்றைய கணக்கில் ஒரு மாவுக்குக் கிட்டத்தட்ட பதின்மூன்றரை ஏர், மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். அப்பா சொன்னது சரி, பட்டாவும் சரி.