மிளகாய்த்தூள் வைரசைக் கொல்லாது

ஐயா, மகன் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறான். ஆர்.என்.ஏ. வைரசுகளை ஆராய்ந்து தடுப்பூசி செய்ய வேண்டுமென்று ஆசை. கொவிட்டுக்கு ஒரு வருடத்தில் ஊசி வந்ததே, டெங்குவுக்கு ஏன் இவ்வளவு சுணக்கம் என்று கேட்கிறான். நாலு நாளாகப் புத்தகம் தொடவில்லை. பக்கத்து வளவு நாய்க்குட்டி கையைக் கடித்துப்போட்டுது. கொஞ்சம் இரத்தம் வந்தது, மிளகாய்த்தூள் வைத்துக் கட்டினேன். அவன் என்ன படிக்கலாம்?
- ஒரு தாய், களுவாஞ்சிகுடி

தங்கச்சி, உங்களுக்கு உடனேயே தனியாக எழுதிவிட்டேன். நாய்க்கடி பற்றி எழுத நினைத்திருந்த நேரம் உங்கள் கடிதம் வந்தது. மற்றத் தாய்மாரும் வாசிக்கட்டும்.

மகனின் கேள்விக்குச் சுருக்கமாக: டெங்குவில் நாலு வகை. ஒன்றுக்கு எதிரான அரைகுறை எதிர்ப்புச் சக்தி, இன்னொன்று தொற்றும்போது நோயைக் கடுமையாக்கலாம். நாலையும் சமமாகத் தடுக்கும் ஊசி வேண்டும், அதுதான் சுணக்கம். கொரோனா வைரசுகளில் 2003 சார்ஸ் காலத்திலிருந்தே வேலை நடந்திருந்தது. என்ன படிப்பதென்பதைப் பிறகு பார்க்கலாம்.

விசர்நாய்க்கடியும் ஆர்.என்.ஏ. வைரசுதான். மரபணு ஐந்தே ஐந்து. பாஸ்டர் 1885இலேயே ஊசி போட்டுக் காட்டினார். நோய்க்குறி தொடங்கினால் பிழைப்பது அரிதிலும் அரிது. இதற்கா மிளகாய்த்தூள்? பிள்ளை உயிரியல் படிக்கிற வீட்டிலா?

இந்த வைரசின் வெளியுறை கொழுப்பு. சவர்க்காரம் கொழுப்பைக் கரைக்கும், உறை உடைந்தால் வைரசு செத்தது. குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, நுரை காயத்துக்குள் போகும்படி 15 நிமிடம் கழுவ வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்து 15 நிமிடம். பிறகு பொவிடோன் அயடின் என்ற கிருமிநாசினி. தூள், மஞ்சள், கோப்பித்தூள் எதுவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். தூள் சதையைப் புண்ணாக்குமே தவிர வைரசைத் தொடாது. வைரசு நரம்பு நுனிக்குள் புகுந்துவிட்டால் நரம்பு வழியே மூளைக்கு ஏறும், அங்கே பிறபொருளெதிரிகள் (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதங்கள்) அதை எட்டிப் பிடிப்பது கடினம்.

தடுப்பூசி வேலை செய்ய ஒரு கிழமைக்கு மேல் எடுக்கும். அந்த இடைவெளிக்குத்தான், இரத்தம் வந்த கடிக்கு, ஆயத்தப் பிறபொருளெதிரியைக் காயத்தைச் சுற்றியே ஏற்றுவது. குதிரையிலிருந்து எடுத்ததென்றால் உடல் நிறையில் கிலோவுக்கு 40 அலகு. தோலுக்குள் போடும் தடுப்பூசி ஓரிடத்துக்கு 0.1 மில்லிலீட்டர். போட்டதும் சின்னக் கொப்புளம் எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் மருந்து ஆழப் போய்விட்டது, இன்னொரு இடத்தில் திரும்பப் போடுவார்கள்.

குட்டிதானே என்று விடாதீர்கள், குட்டிக்கும் விசர் வரும். அது செத்தால் புதைக்க வேண்டாம். யாரும் வெறுங்கையால் தொடவும் வேண்டாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள், தலையை ஐஸில் வைத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம்.

நாலு நாள் போய்விட்டதே என்று வீட்டில் இருக்காதீர்கள். பிந்தினாலும் ஊசி தொடங்கலாம். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். துண்டில் எழுதித்தரும் திகதி ஒன்றையும் தவறவிடாதீர்கள், பிள்ளைக்குச் சோதனை இருந்தாலும் சரி.