கல்லூரிக்குத் திரும்பியவர் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அரிசோனா பல்கலைக்கழக சாஃப்ட்பால் அணியின் தலைமைப் பயிற்சியாளர் கெய்ட்லின் லோவைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த சிறு குறிப்பை வாசித்தேன். நான் அதே மாநிலத்தில், சாண்ட்லரில் வசிப்பவன். பதினான்கு வயதாகும் என் மகள் மூன்று ஆண்டுகளாக, பேஸ்பாலைப் போன்ற இந்த ஆட்டத்தை ஆடிவருகிறாள்.

உங்கள் குறிப்பில் எனக்கு ஒரு நெருடல். ஒலிம்பிக்கிலும் தொழில்முறை லீக்கிலும் ஆடிய ஒருவர் தான் படித்த கல்லூரிக்கே வேலைக்குத் திரும்பியதை ஓர் ஏற்றமாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இந்தியாவுக்காகக் கிரிக்கெட் ஆடியவர் ஒரு கல்லூரி அணிக்குப் பயிற்சியளிக்கப் போனால் அதை நாம் அப்படிச் சொல்வோமா? 2023-ல் அவருடைய அணி தேசியப் போட்டிக்கே தேர்வாகவில்லை என்பதையும் நீங்கள் சொல்லவில்லை.

கடைசியாக, சொந்தக் கவலை ஒன்று. வலக்கைப் பழக்கமுள்ள என் மகளை இடக்கை ஆட்டக்காரராக மாறி நிற்கும்படி அவளுடைய பயிற்சியாளர் சொல்கிறார். பயிற்சி முடிந்து காரில் ஏறும்போது அழுகிறாள். இது தேவைதானா?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

2023-ஐப் பற்றி நீங்கள் சொல்வது சரி. நான் அதை விட்டிருக்கக் கூடாது. 1987-க்குப் பிறகு அரிசோனா இல்லாமல் நடந்த முதல் தேசியப் போட்டி அது. ஒரு பயிற்சியாளரைப் பற்றி எழுதும்போது அந்த ஒரு வரியை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் அது பாராட்டுரை ஆகிவிடும்.

ஆனால் கிரிக்கெட்டை வைத்து நீங்கள் சொல்லும் ஒப்புமையை ஏற்க முடியவில்லை. கிரிக்கெட்டில் கல்லூரி அணி என்பது படிக்கட்டின் அடியில் இருப்பது. அமெரிக்கப் பெண்கள் சாஃப்ட்பாலில் அதே கல்லூரி அணிதான் பல பத்தாண்டுகளாக மேல்தளம். ஓக்லஹோமா நகரத்தில் ஒவ்வொரு ஆண்டும் நடக்கும், தேசியப் போட்டியின் இறுதிக்கட்டமான கல்லூரி உலகத் தொடருக்கு ஓர் ஆட்டத்துக்குப் பன்னிரண்டாயிரம் பேருக்கும் மேல் வந்து உட்காருகிறார்கள். தொலைக்காட்சியும் பணமும் புகழும் அங்கேதான். லோ ஆடிய காலத்துத் தொழில்முறை லீக்கோ கோடைகாலத்தில் மூன்று மாதம் நடந்தது. ஓர் அணியின் எல்லா வீராங்கனைகளுக்கும் சேர்த்து ஒரு பருவத்துக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு ஏறத்தாழ 1,50,000 டாலர். அதை இருபது பேருக்குப் பங்கிட்டுப் பாருங்கள், வீட்டு வாடகைக்கே போதாது. 2004-ல் தொடங்கிய அந்த லீக் 2021-ல் மூடப்பட்டது. மறுபக்கம், ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் பாட்டி காசோ ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஊதியம் பெறுகிறார். ஆகவே லோ தொழில்முறை ஆட்டத்திலிருந்து கல்லூரிக்கு இறங்கி வரவில்லை. தன் ஆட்டத்தின் மையம் எங்கே இருந்ததோ அங்கே திரும்பிவந்தார். நான் ஏற்றம் என்று எழுதியது இந்தப் பொருளில்தான். அந்த மையம் அங்கே இருப்பது நியாயமா என்றால், இல்லை என்றே சொல்வேன். 2025-ல் நான்கு அணிகளுடன் புதிதாகத் தொடங்கியிருக்கும் தொழில்முறை லீக் அதை மாற்றுமா என்று பார்க்க வேண்டும்.

லோவின் தலைமுறைக்கு வேறொரு கதவும் அடைபட்டது. 2005-ல் சிங்கப்பூரில் கூடிய ஒலிம்பிக் குழு, 2008-க்குப் பிறகு சாஃப்ட்பால் வேண்டாம் என்று வாக்களித்தது. பெய்ஜிங்கில் ஆடியபோது லோவுக்கு வயது இருபத்து மூன்று. அவருக்கு அது முதல் ஒலிம்பிக், அதுவே கடைசியும். இறுதியாட்டத்துக்கு முந்தைய நாள் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்களில் இருபத்தோரு இன்னிங்ஸ் பந்தெறிந்திருந்த ஜப்பானின் யுகிகோ உவேனோ மறுநாளும் வந்து பந்தெறிந்தார். இரண்டு நாளில் மொத்தம் 413 பந்துகள். அமெரிக்கா 3–1 என்று தோற்றது. அதற்கு முன் ஒலிம்பிக்கில் தொடர்ச்சியாக இருபத்திரண்டு ஆட்டங்களை வென்றிருந்த அணி அது. ஆட்டம் ஒலிம்பிக்குக்குத் திரும்பியது டோக்கியோவில், பதின்மூன்று ஆண்டுகள் கழித்து. ஒரு விளையாட்டு வீராங்கனையின் நல்ல ஆண்டுகள் முழுவதும் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். ஃபுளோரிடாவின் பிரைட் அணிக்காகச் சில கோடைகள் ஆடியபின் அவர் அரிசோனாவுக்குத் திரும்பி, அணியின் நிர்வாக வேலையில் தொடங்கி உதவிப் பயிற்சியாளரானதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் மகளின் கண்ணீருக்கும் லோவுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்பதால் அவர் எப்படி ஆடினார் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அவர் பந்தை வேலிக்கு வெளியே அடித்துப் பெயர் வாங்கியவர் அல்ல. அவருடைய ஆயுதம் ‘ஸ்லாப்’ எனப்படும் உத்தி. பந்தை அடித்தவர் ஓடிப்போய் மிதிக்க வேண்டிய இடம்தான் பேஸ். சாஃப்ட்பாலில் ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் இடையே அறுபது அடிதான், பேஸ்பாலில் தொண்ணூறு. இடக்கை ஆட்டக்காரர் நிற்கும் கட்டம் முதல் பேஸின் பக்கம் இருப்பதால் நிற்கும் இடத்திலேயே ஓரிரு அடி மிச்சமாகிறது. பந்தெறிபவரின் கை சுழலத் தொடங்கும்போது மட்டை பிடித்திருப்பவர் பின்காலை முன்காலுக்குக் குறுக்கே எடுத்துவைத்து, ஓடத் தொடங்கியபடியே மட்டையைப் பந்தின் மேல் வைக்கிறார். பந்து மட்டையில் படும் நேரத்தில் கால் முழுதும் கட்டத்துக்கு வெளியே போயிருந்தால் அவுட். ஆகவே ஓட்டத்தைக் கட்டத்தின் கோடுவரை அளந்துவைத்திருக்க வேண்டும். நாற்பத்து மூன்று அடி தூரத்திலிருந்து மணிக்கு அறுபத்தைந்து மைல் வேகத்தில் வரும் பந்துக்கு அரை நொடிகூடக் கிடைப்பதில்லை. (சாஃப்ட்பால் என்ற பெயரைக் கேட்டுப் பந்து மென்மையாக இருக்கும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். கையில் வாங்கிப் பார்த்த அன்று அந்த எண்ணம் போயிற்று.)

தரையில் தட்டிய பந்து மூன்றாம் பேஸுக்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கும் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) நடுவே உருளும்போது, நல்ல ஸ்லாப் ஆட்டக்காரர் மூன்று நொடிக்குள் முதல் பேஸை மிதித்துவிடுவார். அதற்குள் ஃபீல்டர் குனிந்து, எடுத்து, எறிந்தாக வேண்டும். ஒருமுறை விரல் தடுமாறினாலும் முடிந்தது. அந்தப் பயத்தில் உள்வட்டத்துக்காரர்கள் நான்கு அடி முன்னே வந்து நிற்பார்கள். அப்படி நின்றால் அவர்கள் தலைக்கு மேல் மெல்லத் தூக்கிவிட இடம் உண்டாகிவிடும். எதிரணி எப்படி நின்றாலும் ஓர் இடைவெளி திறந்திருக்கும். அது எங்கே என்று பந்து கையை விட்டுப் புறப்படும் முன்பே பார்த்துவைப்பதுதான் இந்த ஆட்டத்தின் பாதி. லோ அரிசோனாவில் ஆடிய 2004 முதல் 2007 வரையிலான நான்கு ஆண்டுகளிலும், நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களைக் கொண்ட ஆல்-அமெரிக்கன் பட்டியலில் இடம்பெற்றார். 2006, 2007 இரண்டிலும் அணி தேசியப் பட்டம் வென்றது. பலத்தால் ஆடியவர்களைவிட இப்படிப் பார்த்து ஆடியவர்கள் பிறருக்குக் கற்றுக்கொடுக்க ஏற்றவர்கள் என்பது என் கணிப்பு. பலத்தை எடுத்துக்கொடுக்க முடியாது. பார்ப்பதையும் கால் வைப்பதையும் சொல்லிக்கொடுக்க முடியும்.

பயிற்சியாளராக அவர் ஏற்ற இருக்கை எளிதானதல்ல. 1986 முதல் அங்கே இருந்த மைக் கேன்ட்ரேயா எட்டு தேசியப் பட்டங்களை வென்றவர், பெய்ஜிங்கிலும் லோவின் பயிற்சியாளர் அவரே. 2021 ஜூனில் அவர் ஓய்வுபெற்றபோது பொறுப்பு லோவிடம் வந்தது. முதல் ஆண்டில் தங்கள் கல்லூரிக் கூட்டமைப்பின் லீக் ஆட்டங்களில் அணி மிக மோசமாகத் தடுமாறியது. தரவரிசை எண்கூட இல்லாமல் தேசியப் போட்டிக்குள் நுழைந்த அதே அணி மிசௌரியிலும் மிசிசிப்பியிலும் எதிரணிகளின் சொந்தத் திடலில் வென்று ஓக்லஹோமா நகரம் போய்ச் சேர்ந்தது. அங்கே ஓரிகன் ஸ்டேட்டை வென்று டெக்ஸஸிடம் தோற்று வெளியேறியது. அடுத்த ஆண்டுதான் நீங்கள் சொல்லும் 2023. 2024-ல் ஆர்கன்சா அணியின் திடலில், தேசியப் போட்டியின் முதல் கட்டமான பிராந்தியச் சுற்றை வென்றார்கள். 2025-ல் தங்கள் சொந்தத் திடலில் நடந்த அதே சுற்றில் ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) அணியிடம் தோற்றார்கள். எட்டுப் பட்டங்களின் நிழலில் நிற்பவருக்கு இது குறைவான கணக்கு என்று பல்கலைக்கழகம் இருக்கும் டூசானில் முணுமுணுப்பவர்கள் இருக்கலாம். முதல் ஆண்டின் அந்தப் பயணத்தையும் இரண்டாம் ஆண்டின் வீழ்ச்சியையும் ஒரே ஆளின் கணக்கில் சேர்த்து எழுதி, தீர்ப்பைச் சற்றுத் தள்ளிவைப்பதுதான் சரி என்று இப்போது நினைக்கிறேன். என் குறிப்பில் செய்யத் தவறியது அதுதான்.

இனி உங்கள் மகள். பக்கம் மாற்றி நிற்கச் சொல்வது தண்டனையல்ல. அவளுடைய ஓட்டத்தை அந்தப் பயிற்சியாளர் கவனித்திருக்கிறார் என்று பொருள். வேகமாக ஓடும் வலக்கைச் சிறுமிகளை இப்படி மாற்றுவது அங்கே வழக்கம். ஆனால் பழக்கப்பட்ட கையை விட்டவுடன் பல மாதங்களுக்குப் பந்து மட்டையிலேயே படாது, ஆட்டங்களில் பூஜ்யத்தோடு திரும்ப வேண்டிவரும். இதை யாரும் அவளிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள். வலக்கை ஆட்டத்தை முற்றிலும் கைவிட வேண்டுமா, எத்தனை மாதம் கொடுத்துப் பார்க்கப் போகிறார் என்று பயிற்சியாளரிடம் அவளையே கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்க வேண்டாம்.

சாண்ட்லரிலிருந்து டூசான் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடும் தூரம்தான். பிப்ரவரியில் பருவம் தொடங்கியதும் அணியின் சொந்தத் திடலான ஹில்லன்பிராண்ட் அரங்குக்கு ஒருநாள் அவளை அழைத்துப் போங்கள். மூன்றாம் பேஸ் பக்கத்தில் இருக்கை எடுங்கள். இடக்கை ஆட்டக்காரர் அந்தப் பக்கம் பார்த்துத்தான் நிற்பார், கால் குறுக்கே போவது அங்கிருந்து தெளிவாகத் தெரியும். மதிய ஆட்டமென்றால் தொப்பி எடுத்துக்கொள்ள மறக்க வேண்டாம்.

அன்புடன்.