எவ்வளவு போடட்டும் சார்?
வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆபீஸ் வேலையாக வெளியூர் போய் வருபவர்களுடையவை. நானும் பதினான்கு வருடம் பம்ப் உதிரிபாகம் விற்க, பேட்டா வாங்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவன்தான். அதனால் சில பதில்களில் சூடு கொஞ்சம் கூடியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொந்தக் காரில் வாரம் மூன்று நாள் திருச்சி – மதுரை போகிறேன். 3,000 ரூபாய் ஃபாஸ்டேக் ஆண்டு பாஸை என் காசில் வாங்கினேன். ஆபீஸில் டோல் செலவைத் தனியாகத் தருவார்கள். வழக்கமான டோல் கட்டணத்தையே எழுதி வாங்கலாமா? முதல் போட்டது நான்தானே? – வாசகர், திருச்சி

வாங்கக் கூடாது. நீங்கள் போட்ட முதல் 3,000 ரூபாய். அதைத் தயங்காமல் கேட்டு வாங்குங்கள். அந்த பாஸ் ஒரு வருடம் அல்லது 200 முறை டோல் தாண்டும் வரை, எது முதலில் முடிகிறதோ அதுவரை. அதாவது நீங்கள் கொடுத்த விலைக்கு ஒரு முறைக்கு 15 ரூபாய். குலதெய்வம் கோவிலுக்கும் மச்சான் வீட்டுக்கும் போன கணக்கைக் கழித்துவிட்டு, மீதியை 15 ரூபாய் வீதம் எழுதினால் யாரும் வாய் திறக்க முடியாது. தேசிய நெடுஞ்சாலை டோல்களில் மட்டும்தான் இது செல்லும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

வாடகைக் காருக்கு இந்த பாஸ் கிடையாது. ஆனால் அதில் வேறொரு வேடிக்கை நடக்கிறது. 24 மணி நேரத்துக்குள் அதே வழியில் திரும்பினால் இரு வழிக்கும் சேர்த்து ஒன்றரை மடங்கு டோல்தான் போகும். டிரைவர் நிதானமாக இரண்டு மடங்கு எழுதி நீட்டுவார். ஃபாஸ்டேக் குறுஞ்செய்தியைக் காட்டச் சொல்லுங்கள்.

ஈரோட்டில் லாட்ஜ் வாடகை 900 ரூபாய். பில் போடும்போது “எவ்வளவு போடட்டும் சார்?” என்று அவரே கேட்டார். 1,600 போடச் சொன்னேன். எங்கள் டீமில் எல்லோரும் செய்வதுதான். இதில் தப்பு இருக்கிறதா? – வாசகர், கரூர்

இருக்கிறது. தெரியாமலா கடிதத்தில் பெயர் போட வேண்டாம் என்று எழுதினீர்கள்?

மருந்து விற்பனைப் பிரதிநிதி நான். ஆப் மூலம் முன்பணம் கட்டி மதுரையில் அறை எடுத்திருந்தேன். இரவு பத்து மணிக்குப் போனால் “உங்கள் பெயரில் புக்கிங்கே இல்லை” என்கிறார்கள். ஆப்பில் கேட்டால், “ஏழு நாளில் பணம் வரும்.” தனியாக நின்றுகொண்டு என்ன செய்வது? பக்கத்து ஹோட்டலில் 2,800 ரூபாய்க்கு அறை எடுத்தேன். எங்கள் வரம்பு 1,500. மீதி 1,300ஐத் தர முடியாது என்கிறது ஆபீஸ். – வாசகி, நாகர்கோவில்

நீங்கள் செய்தது சரி. இரவு பத்து மணிக்கு ஒரு பெண் 1,500 ரூபாய் அறை தேடி மதுரைத் தெருக்களில் அலைய வேண்டும் என்று எந்த மேலாளரும் எழுத்தில் தரமாட்டார். அதனால் எழுத்திலேயே கேளுங்கள்: “இரவு 10 மணிக்கு உறுதி செய்த அறை மறுக்கப்பட்டது, பாதுகாப்புக்காக வேறு அறை எடுத்தேன், வரம்புக்கு மேலான தொகையை அனுமதிக்கவும்.” முன்பதிவு உறுதிச் செய்தி, ஆப்காரரோடு நடந்த உரையாடல், இரண்டாவது ஹோட்டல் பில் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். மறுப்பதானால் மறுப்பையும் எழுத்தில் தரட்டும்.

ஆப்காரரை அதோடு விட வேண்டாம். ஏழு நாளில் திருப்பித் தருவது உங்கள் பணம்தான். அது நஷ்டஈடு ஆகாது. 1915க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதியுங்கள். அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வீட்டிலிருந்து இணையத்திலேயே தாக்கல் செய்யலாம், வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. ஆனால் கோபம் ஆறுவதற்குள் செய்துவிடுங்கள். ஆறிவிட்டால் யாரும் செய்வதில்லை.

வாடிக்கையாளரைச் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலுக்கு அழைத்துப் போனேன். பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். தண்ணீர் பாட்டிலுக்கும் எம்ஆர்பியை விட இரண்டு மடங்கு. கம்பெனி பணம்தானே என்று கட்டிவிட்டேன். இப்போது அக்கவுண்ட்ஸில் கேள்வி கேட்கிறார்கள். – வாசகர், சென்னை

‘கம்பெனி பணம்தானே.’ இந்த வார்த்தைக்கு அக்கவுண்ட்ஸ்காரர் கேட்டதற்கு மேல் நான் என்ன கேட்பது?

சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன; 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே நின்றது. “எடுத்துவிடுங்கள்” என்று சொன்னால் போதும், பெரும்பாலும் முகம் சுளிக்காமல் எடுத்துவிடுவார்கள். தண்ணீர் பாட்டில் கதை வேறு. உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலில் எம்ஆர்பிக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. அதில் சண்டை போட்டு வாடிக்கையாளர் முன்னால் மானம் போக வேண்டாம். சாதாரணத் தண்ணீர் கேளுங்கள்.

இரண்டு மாதம் கழித்து பில்களைக் கொடுக்கப் போனால் எல்லாம் வெள்ளைத் தாளாக இருக்கிறது. ஆபீஸில் வாங்க மறுக்கிறார்கள். – வாசகர், சேலம்

இரண்டு மாதம் ஏன் சார் வைத்திருந்தீர்கள்? அது சூட்டில் எழுத்து விழும் தாள். வெயிலில் நிற்கும் காரில் வைத்தால் போய்விடும். வாங்கிய நிமிடமே போட்டோ எடுங்கள். நான் படித்த பாடம்: புது மிக்சியின் பில்லை அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் பத்திரமாக வைத்தேன். பதினோராவது மாதம் மோட்டார் புகைந்தது. பில்லில் கடையின் சின்னம் மட்டும் மிச்சம். மிக்சி இன்னும் பரணில் இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம். டிக்கெட், அறை, சாப்பாடு எல்லாம் என் கிரெடிட் கார்டில்தான். மூன்று மாதமாக 38,000 ரூபாய் வரவேண்டியிருக்கிறது. கார்டில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டி வருகிறேன். கேட்டால் “ப்ராசஸில் இருக்கிறது.” – வாசகர், ஓசூர்

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

கம்பெனி பணத்தைப் பொறுப்பாகச் செலவு செய்யுங்கள் என்று ஊழியர்களுக்கு வகுப்பெடுக்கும் முதலாளிகள் நிறையப் பேர். ஊழியரின் பணத்தைக் கம்பெனி எப்படிச் செலவு செய்கிறது என்று கேட்க ஒரு வகுப்பும் கிடையாது. உங்கள் கம்பெனி உங்களிடம் வட்டியில்லாக் கடன் வாங்கியிருக்கிறது. நீங்களோ அதற்காகக் கார்டுக்கு மாதம் மூன்று, மூன்றரை சதவீதம் வட்டி கட்டுகிறீர்கள். வருடத்துக்கு நாற்பதைத் தொடும். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுவதால் இன்னொரு ஓட்டையும் விழுகிறது: பாக்கி இருக்கும் வரை, புதிதாகத் தேய்க்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அன்றிலிருந்தே வட்டி. அடுத்த பயணத்து இட்லிக்கும் சேர்த்து.

கரூர்க்காரருக்கு ஒரு வரியில் பதில் சொன்னேன். அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த 700 ரூபாய் பல இடங்களில் எப்படிப் பிறக்கிறது என்று எனக்குத் தெரியும். அறை வரம்பு என்றைக்கோ போட்டதாக இருக்கும். பேட்டா இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கே இழுத்துக்கொண்டிருக்கும். அதுவும் மூன்று மாதம் கழித்து வரும். ஒரு முறை எனக்கு நான்கு மாத பேட்டா நின்றுபோய், மனைவியின் வளையலை அடகு வைத்துத் திருநெல்வேலி, நாகர்கோவில் சுற்று போய் வந்தேன். பணம் வந்தது, அடகு வட்டி வரவில்லை. அந்த வட்டியை ஆட்டோ கணக்கில் ஏற்றி எழுதித்தான் எடுத்தேன். பெருமையாகச் சொல்லவில்லை. நேராகப் பணம் கொடுக்காத ஆபீஸ் கோணல் பில்லைத்தான் வாங்கும். அதற்கப்புறம் தணிக்கை வைத்து என்ன பயன்?

உங்களுக்கு: இந்த 38,000க்கும் தேதிவாரியாக ஒரு பட்டியல் போட்டு, மேலாளருக்கும் அக்கவுண்ட்ஸுக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்புங்கள். கார்டு ஸ்டேட்மென்டில் வட்டி வரியைக் கோடிட்டு இணையுங்கள். அடுத்த பயணத்துக்கு முன்பணம் கேளுங்கள், டிக்கெட்டையும் அறையையும் கம்பெனியே நேரடியாகப் போடட்டும். “கார்டில் வரம்பு முடிந்துவிட்டது சார்” என்பது பொய்யும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. இதற்கு நுகர்வோர் ஆணையம் உதவாது; முதலாளி உங்களுக்குப் பொருள் விற்றவர் இல்லை. கார்டு பாக்கியை மட்டும் எப்பாடுபட்டாவது முதலில் முடித்துவிடுங்கள்.

புனே ஹோட்டல் பில்லில் எங்கள் ஜிஎஸ்டி எண்ணைச் சரியாகப் போட்டு வாங்கினோம். அந்த வரியை நாங்கள் கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் கழிக்க முடியாது என்கிறார் ஆடிட்டர். – சிறு நிறுவன உரிமையாளர், திருப்பூர்

ஆடிட்டர் சொல்வது சரி. ஹோட்டல் அறைக்கு வரி அந்த ஹோட்டல் நிற்கும் மாநிலத்துக்குச் சேரும். மகாராஷ்டிர வரியைத் தமிழ்நாட்டுப் பதிவில் கழிக்க வழியில்லை. வரி விகிதத்தைப் பாருங்கள்: ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான்; பழைய 12 போட்டிருந்தால் கேளுங்கள். விமான டிக்கெட்டில் உங்கள் எண்ணுக்கு மதிப்பு உண்டு. பதிவு செய்யும்போதே கொடுத்துவிடுங்கள், பிறகு அலைய வேண்டாம்.

சிங்கப்பூரில் கார்டு மெஷின் “ரூபாயா, டாலரா?” என்று கேட்கிறது. எதை அழுத்துவது? – வாசகி, கோவை

டாலர். ரூபாய் என்றால் மாற்று விலையை அந்த மெஷின்காரர் தன் இஷ்டத்துக்கு வைப்பார். நான் கோலாலம்பூரில் ‘நம்ம ரூபாய்தானே’ என்று பாசத்தோடு அழுத்தி, ஒரு கழுத்துத் தலையணை வாங்கினேன். விமானம் இறங்குவதற்கு முன்பே அதில் காற்று இறங்கிவிட்டது.

வாடிக்கையாளருக்குத் திருநெல்வேலி அல்வா ஒரு கிலோ, வீட்டுக்கு அரை கிலோ. ஒரே பில்லாகிவிட்டது. – வாசகர், கோவில்பட்டி

வீட்டு அரை கிலோவுக்குப் பணத்தை ஆபீஸில் கட்டிவிடுங்கள். அடுத்த முறை கடையிலேயே இரண்டு பில் கேளுங்கள், தரமாட்டேன் என்றா சொல்லப்போகிறார்கள்? வாடிக்கையாளருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். நான் விசாரிக்காமல் ஒரு கிலோ கொண்டுபோய், அவர் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆர்டரும் போச்சு.