ஜேன் அயர் பாணி உடை, ஆபீஸில் நாடக வேஷம் போலத் தெரிந்தால்

நீளப் பாவாடை, லேஸ் காலர், சால்வை மூன்றையும் ஒன்றாகப் போடாதீர்கள். ஒன்று போதும், மற்றதெல்லாம் வழக்கமான ஆபீஸ் உடையாகவே இருக்கட்டும்.

நீங்கள் சார்லட் பிராண்டேயின் 'ஜேன் அயர்' நாவலைவிட அதன் திரைப்படங்களைப் பார்த்து இந்த உடைகளைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. 1847-இல் வந்த நாவலில் நாயகி ஜேனுக்குப் பெரும்பாலும் கறுப்பும் சாம்பலும்தான். அவளை மணக்கவிருந்த ரோச்செஸ்டர் பளபளக்கும் பட்டு எடுத்துக் கொடுத்தபோதுகூட, பிடிவாதமாகக் கறுப்பு சாட்டினும் முத்துச் சாம்பல் பட்டுமாக மாற்றிக்கொண்டாள். நகை? ஒரு சின்ன முத்து புரூச் (உடையில் குத்திக்கொள்ளும் நகை).

சாம்பல் சட்டை, கறுப்பு பேன்ட், காலரில் முத்து புரூச் போட்டு ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள். இன்னும் வேஷமாகத் தெரிந்தால் முதலில் ஷூவை மாற்றுங்கள், பழங்கால பூட்ஸ்தான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

ஒன்று, சாம்பல் நிறம் சிலருக்கு முகத்தை வெளிறக் காட்டும். அப்படியானால் அதை பேன்ட்டுக்கு இறக்கிவிட்டு, மேலே கறுப்பு போடுங்கள்.