வாசகர் கேள்வி – பதில்: ஆக்குபேஷனல் தெரபி உதவியாளர் ஆகலாமா?

கேள்வி: மதுரையில் பி.எஸ்.சி. விலங்கியல் படித்தவள் நான். திருமணமாகி நியூ ஜெர்சிக்கு வந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கிரீன் கார்டு கிடைத்துவிட்டது. வயது 39, பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் இருவர். பக்கவாதம் வந்து மறுவாழ்வு மையத்தில் இருந்த என் மாமனாருக்குச் சட்டை போடவும் பல் துலக்கவும் மறுபடி பழக்கிய ஆக்குபேஷனல் தெரபி உதவியாளரைப் பார்த்ததிலிருந்து, நாமும் இதைப் படித்தால் என்ன என்ற எண்ணம் விடாமல் துரத்துகிறது. ‘பட்டம் வாங்கிவிட்டு உதவியாளர் வேலைக்கா?’ என்கிறார் கணவர். இரண்டாண்டுப் படிப்பே போதுமா, தெரபிஸ்டுக்கே படித்துவிடலாமா?
— ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: ‘உதவியாளர்’ என்ற சொல்தான் உங்கள் கணவரைக் குழப்புகிறது. நோயாலோ காயத்தாலோ கைவிட்டுப்போன அன்றாடச் செயல்களை மறுபடி பழக்கும் இந்தத் துறையில் அமெரிக்காவில் மூன்று படிகள் உண்டு. கருவிகளை எடுத்து வைத்து, இடத்தைச் சுத்தம் செய்து, நோயாளியை அழைத்து வருபவர் ‘எய்ட்’. அவருக்கு உரிமம் கிடையாது. நீங்கள் பார்த்தவர் அவருக்கு மேல்படியில் இருப்பவர். அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் ஏறத்தாழ இரண்டாண்டு படித்து, அதில் குறைந்தது 16 வாரம் முழுநேரக் களப்பயிற்சி முடித்து, தேசியத் தேர்வில் தேறி, மாநில உரிமம் பெற்று, நோயாளியைத் தொட்டுச் சிகிச்சை செய்பவர் அவர். மூன்றாவது படியில் தெரபிஸ்ட். நோயாளியை மதிப்பிட்டு, என்ன இலக்கு, என்ன திட்டம் என்று முடிவு செய்யும் அதிகாரம் அவருக்கே உண்டு. உதவியாளர் அந்த மதிப்பீட்டுக்குத் தகவல் தரலாம். தனியாக மதிப்பிட முடியாது. மேற்பார்வை எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

இந்தக் கோடு நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு, நான் தெரபிஸ்டாக வேலை பார்த்த ஓரிடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வலக்கை பலவீனமான ஒரு தமிழ்ப் பாட்டிக்கு, இடக்கையால் முட்கரண்டி பிடித்துச் சாப்பிடுவது என்று இலக்கு எழுதியிருந்தேன்; எழுதியவளும் தமிழச்சிதான் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பாட்டி தட்டைத் தள்ளிவிட்டார். இடக்கையால் சோறு உண்பதைவிடப் பட்டினி கிடப்பது மேல் என்று அவர் நினைத்ததைக் கண்டுபிடித்தவர், தமிழ் ஒரு சொல்லும் தெரியாத எங்கள் உதவியாளர். மகளிடம் கேட்டு, வீட்டிலிருந்து தயிர்சாதம் வரவழைத்து, அகலமான கிண்ணத்தில் போட்டு, வலக்கையில் திரும்பிக்கொண்டிருந்த சிறிதளவு அசைவைப் பயன்படுத்தி, கட்டைவிரலும் இரு விரல்களும் சேர்த்துப் பிசைய வைத்தார். பிறகு என்னிடம் வந்து, இலக்கை மாற்ற முடியுமா என்று கேட்டார். மாற்றியது நான்; மாற்ற வேண்டும் என்று கண்டவர் அவர். உங்கள் மாமனாருக்குச் சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்கவும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்கவும் சொல்லித் தந்திருப்பார்களே, அதைச் சலிக்காமல் நாற்பது முறை செய்ய வைக்கும் பொறுமையே இந்தத் தொழிலின் பெரும்பகுதி. குளிக்க வைப்பதும் கழிப்பறைக்குக் கூட்டிச் செல்வதும் அதில் அடக்கம். உறவினர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

இனி, கல்லூரி விளம்பரங்களில் வராத செய்திகள். முதியோர் மறுவாழ்வு மையங்களில், வேலை நேரத்தில் எத்தனை சதவீதம் நோயாளியோடு செலவாயிற்று என்று கணக்குப் பார்ப்பார்கள். 85, 90 சதவீதம் கேட்கும் இடங்களும் உண்டு. குறிப்பு எழுதுவதற்கும் மூச்சு விடுவதற்கும் மீதிதான். முன்பு சிகிச்சை நிமிடங்கள் கூடக் கூட, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் அந்த மையங்களுக்குக் கூடுதலாகப் பணம் கொடுத்தது; 2019 அக்டோபரில் அந்த முறை மாறியதும் பல மையங்கள் தெரபி ஆட்களைக் குறைத்தன. வெளிநோயாளிப் பிரிவு போன்ற இடங்களில், 2022 முதல், உதவியாளர் செய்யும் சிகிச்சைக்கு வழக்கமான தொகையில் 85 சதவீதத்தையே மெடிகேர் தருகிறது. இவற்றால் வேலை கிடைக்காமல் போகாது. ஆனால் எந்த இடத்தில் சேர்வது என்று தேர்ந்தெடுக்கும்போது நினைவில் இருக்க வேண்டும். பள்ளிகளிலும் இந்த வேலை உண்டு. பிள்ளைகளின் விடுமுறையோடு உங்கள் விடுமுறையும் ஒத்துப்போகும் என்றாலும், ஊதியம் பொதுவாக மையங்களைவிடக் குறைவு, இடங்களும் கொஞ்சம். ஆளைத் தாங்கிப் பிடித்து எழுப்பும் வேலை என்பதால் முதுகுவலி ஏற்கெனவே இருந்தால் ஒளிக்காமல் யோசியுங்கள்.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024-ஆம் ஆண்டுக் கணக்குப்படி உதவியாளரின் இடைநிலை (மீடியன்) ஆண்டு ஊதியம் சுமார் 68 ஆயிரம் டாலர். தெரபிஸ்டுக்குச் சுமார் 98 ஆயிரம். முப்பதாயிரம் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். உங்கள் பி.எஸ்.சி.யை மதிப்பிடச் செய்து, உடற்கூறியல், உளவியல், புள்ளியியல் போன்ற முன்தேவைப் பாடங்களை முடித்தால் முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம். அது இரண்டு முதல் மூன்று ஆண்டு, களப்பயிற்சி மட்டும் 24 வாரம். அதற்கு ஆகும் கட்டணம், கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரியில் உதவியாளர் படிப்புக்கு ஆவதைப் போலப் பல மடங்கு. முதலில் உதவியாளராகச் சேர்ந்து, பிறகு தெரபிஸ்டாக ஏறிக்கொள்ளலாம் என்று மட்டும் திட்டமிடாதீர்கள்: பெரும்பாலான முதுகலைப் படிப்புகள் உதவியாளர் பாடங்களைக் கணக்கில் கொள்வதில்லை; அதற்கென்றே உள்ள இணைப்புப் படிப்புகள் மிகச் சில. ஆகவே முடிவை இப்போதே எடுக்க வேண்டும்.

உங்களை ஈர்த்தது மாமனாரின் சட்டைப் பொத்தான் என்றால், உதவியாளர் படிப்பையே எடுங்கள் என்பது என் கருத்து. அந்தப் பொத்தானோடு நாள் முழுவதும் இருப்பவர் அவர்தான், தெரபிஸ்ட் பாதி நாள் மதிப்பீட்டு அறிக்கையோடு இருப்பார். மற்றவர் எழுதிய திட்டத்தின்படி நடப்பது உங்கள் சுபாவத்துக்கு ஒவ்வாது என்றால், கடன் வாங்கியாவது முதுகலை படியுங்கள். எது என்று தெரிய, விண்ணப்பத்துக்கு முன் ஒரு மையத்திலும் ஒரு பள்ளியிலுமாகச் சில நாட்கள் கூடவே இருந்து பாருங்கள். பல கல்லூரிகள் எப்படியும் அந்த மணிநேரக் கணக்கைக் கேட்கும்.

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடிக்கப்போகிறாள். ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி) உதவியாளர் டிப்ளமோவை இங்கேயே இரண்டாண்டில் முடித்துவிட்டு அமெரிக்கா போய்விடலாம் என்கிறார் ஓர் ஏஜென்ட். நம்பலாமா?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: நம்ப வேண்டாம். அங்கே உதவியாளர் தேர்வு எழுத, அந்நாட்டு அங்கீகாரக் குழு ஏற்ற கல்லூரியில்தான் படித்திருக்க வேண்டும். இங்கே வாங்கும் டிப்ளமோவை வைத்து அத்தேர்வை எழுத முடியாது. முதலில் ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன் படிப்பைச் சொல்கிறாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், இந்தப் பெயர்க் குழப்பத்தில் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் ‘செயல்முறை மருத்துவம்’ என்ற பெயரிலும் வழங்கும் இத்துறைக்குரிய படிப்பு பி.ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி இளங்கலை) பட்டம், வேலூர் சி.எம்.சி., காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., கோவை கே.எம்.சி.எச். போன்ற இடங்களில் படிக்கலாம். 1950-இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் தொடங்கிய பள்ளியிலிருந்து இந்தியாவில் வளர்ந்த துறை இது. சிறப்புக் குழந்தைகளுக்கான மையங்கள் பெருகிய பிறகு உள்ளூரிலேயே வேலைக்குப் பஞ்சமில்லை. பின்னாளில் அவள் அமெரிக்காவில் தெரபிஸ்ட் ஆக விரும்பினால், அங்கே 2007 முதல் நுழைவுத் தகுதியே இளங்கலைக்கு மேற்பட்ட படிப்பு என்பதால், பி.ஓ.டி.யோடு முதுகலையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கணவர் எச்-1பி வேலை விசாவில் இருப்பதால், துணைவருக்கான எச்-4 விசாவில் டல்லாஸில் இருக்கிறேன். இந்தப் படிப்பில் சேரலாமா?
— ஒரு வாசகி, டெக்சாஸ்

பதில்: படிக்கத் தடையில்லை. வேலைக்குத் தனி அனுமதி அட்டை வேண்டும். கணவரின் கிரீன் கார்டுக்காக அவருடைய நிறுவனம் போடும் ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தால் 2015-இல் வந்த விதியின்படி அதற்கு விண்ணப்பிக்கலாம். அது இல்லையென்றால், பட்டப்படிப்பைக் குறைந்தபட்சத் தகுதியாகக் கேட்கும் எச்-1பி இந்த வேலைக்குக் கிடைப்பது அரிது. எனவே கணவரின் மனு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே கட்டணம் கட்டுங்கள்.