மாத்திரையும் தமிழும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மருத்துவமனைகளுக்காக டிஸ்சார்ஜ் குறிப்புகளையும் கையேடுகளையும் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கித் தருகிறேன். பதினோரு வருட அனுபவம். போன வருடத்திலிருந்து ஏஐ செயலியில் போட்டு எடுத்து, திருத்தி அனுப்புகிறேன். எட்டுப் பக்கம் செய்த நாளில் இப்போது இருபது முடிகிறது. சென்ற வாரம் இணையம் இல்லை. நானே எழுத உட்கார்ந்தால் முதல் வாக்கியமே வரவில்லை. பயந்துவிட்டேன். இதை அடியோடு விட்டுவிடுவதா? மாதிரிக்கு ஒரு பக்கம் இணைத்திருக்கிறேன்.

எம்., கோவை

அன்புள்ள எம்.,

முதலில் நீங்கள் கேட்காத ஒன்று. அந்த மாதிரிப் பக்கத்தில் நோயாளியின் பெயரும் ஐ.பி. எண்ணும் (உள்நோயாளி எண்) அப்படியே இருந்தன. நான் அழித்துவிட்டேன். எனக்கே அதை அனுப்பியிருக்கக் கூடாது. செயலியிலும் அப்படியே போடுகிறீர்கள் என்றால் இன்றே நிறுத்துங்கள். மருத்துவமனையின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். பெயரை மட்டும் எடுத்தால் போதாது. ஊர், தேதி, அபூர்வமான நோய் மூன்றும் சேர்ந்தால் ஆள் தெரிந்துவிடும்.

இனி உங்கள் பயம். அது வீண் பயம் இல்லை. போலந்தில் நான்கு மையங்களில் கொலனோஸ்கோப்பி, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை, செய்யும் மருத்துவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2025-ல் லான்செட் குழும மருத்துவ இதழில் வந்தது. ஒவ்வொருவரும் 2000 பரிசோதனைக்கு மேல் செய்த கைகள். பின்னாளில் புற்றாக மாறக்கூடிய அடினோமா கட்டிகளை, ஏஐ வருவதற்கு முன் 100 பேரில் 28 பேருக்குக் கண்டுபிடித்தார்கள். ஏஐ பழகிய பிறகு, அது இல்லாமல் பார்த்தபோது 22 சொச்சம்தான். ஏஐதான் காரணம் என்று அந்த ஓர் ஆய்வே நிரூபித்துவிடாது. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்த எண்கள்தான் நினைவுக்கு வந்தன.

உங்கள் பக்கத்தில் இப்படி ஒரு வரி: ‘தினமும் இரண்டு முறை ஒரு மாத்திரையை உணவுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளவும்.’ இலக்கணப் பிழை கிடையாது. அதனால்தான் உங்கள் கண் தாண்டிப் போய்விட்டது. என் அம்மா படித்திருந்தால், ‘எடுத்து எங்கேடா வைக்கிறது?’ என்று கேட்டிருப்பார். அடுத்து, ‘ஒரே மாத்திரையைப் பாதி பாதியாவா?’ மருந்துக்கடைப் பையன் ‘காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்டுப் போடுங்க’ என்று முடித்துவிடுவான். நீங்களும் முன்பெல்லாம் ‘காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பின்’ என்றுதான் எழுதியிருப்பீர்கள். ஒரு தமிழ் ஏற்கெனவே கண்முன் நிற்கும்போது இன்னொரு தமிழ் எழுந்து வருவதில்லை. திருத்துகிறவருக்குப் பிழை தெரியும். எழுதாமல் போன வாக்கியம் தெரியாது.

அதனால் விடச் சொல்லவில்லை, வரிசையை மாற்றச் சொல்கிறேன். நோயாளி வீட்டில் வைத்துப் படிக்கப்போகும் பகுதியை, அதாவது மருந்து, சாப்பாடு, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடிவர வேண்டும் என்பதை, முதலில் உங்கள் கையால் எழுதுங்கள். பிறகு பெயர் விவரம் நீக்கிய மூலத்தையும் உங்கள் தமிழையும் செயலியிடம் கொடுத்து, எதை விட்டிருக்கிறேன் என்று கேளுங்கள். விடுபட்ட வரியைப் பிடிப்பதில் அது கெட்டி. என் கட்டுரைகளிலேயே பிடித்திருக்கிறது. அளவுகளை மட்டும் மூலத்தில் விரல் வைத்து நீங்களே பாருங்கள். தைராக்ஸின் 50 மைக்ரோகிராம் என்பதில் ‘மைக்ரோ’ ‘மில்லி’ ஆனால் ஆயிரம் மடங்கு. மூலத்திலேயே சந்தேகம் என்றால் டாக்டரைக் கேளுங்கள், செயலியை அல்ல.

பார்வையாளர் நேரம், பில் விதிகள், கேன்டீன் அறிவிப்பு இதற்கெல்லாம் செயலியே போதும். நான் தட்டச்சில் ஹையர், சுருக்கெழுத்தில் லோயர் பாஸ் செய்தவன். சுருக்கெழுத்து என்னிடமிருந்து போன இடம் தெரியவில்லை. அழவும் இல்லை. அதை நம்பி யாரும் மாத்திரை விழுங்கவில்லை.

இருபது பக்கம் பன்னிரண்டாகக் குறையலாம். பக்கக் கணக்கில் கூலி என்றால் அடி விழும். லேசான விஷயம் என்று சொல்ல மாட்டேன். நோயாளிக்கான பகுதிக்குத் தனி விலை கேட்டுப் பாருங்கள். போகும்போது அந்த மாத்திரை வரியை இரண்டு விதமாகவும் எழுதிக்கொண்டு போய், வார்டு சிஸ்டரிடம் காட்டி, எதை நோயாளி கையில் கொடுப்பீர்கள் என்று மேனேஜர் முன்னாலேயே கேளுங்கள்.