மிக்சரா, மிடி கன்ட்ரோலரா?

கேள்வி: பெங்களூரு மண்டபங்களில் ரிசப்ஷனுக்குப் பாட்டுப் போடுகிறேன். லேப்டாப்பும் இரண்டு சேனல் அனலாக் மிக்சரும் இருக்கின்றன. மிக்சரைத் தள்ளிவிட்டு மிடி கன்ட்ரோலர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், அல்சூர்

பதில்: மிக்சரை விற்காதீர்கள். மிக்சருக்குள் ஓடுவது சத்தம். மிடி கன்ட்ரோலர் என்பது லேப்டாப்பில் பாட்டை ஓட்டும் மென்பொருளை இயக்கும் பட்டன் பெட்டி. அதிலிருந்து லேப்டாப்புக்குப் போவது வெறும் எண்கள். ஃபேடரை (மேலும் கீழும் நகர்த்தும் குமிழை) ஏற்றினால் 0 முதல் 127 வரை ஏதோ ஓர் எண் போகும், பாட்டைக் கலப்பது மென்பொருள். ஒலி அளவுக்கு அந்த 128 படிகள் தாராளம். பாட்டின் வேகத்தை மாற்றும் டெம்போ ஃபேடருக்குப் போதாது. வேகத்தை ±8% வரை மாற்றும் எல்லையில் ஒரு படி என்பது சுமார் 0.126%. 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 தட்டு) பாட்டில் ஒரு படி பிசகினால் ஒரே நிமிடத்தில் தாளம் 75 மில்லிசெகண்ட் விலகிவிடும், காதுக்கு நன்றாகவே தெரியும். அதனால் எந்தக் கன்ட்ரோலர் வாங்கினாலும் டெம்போ ஃபேடர் 14 பிட்டா என்று கேளுங்கள். அதில் 16,384 படிகள் உண்டு.

உங்கள் மிக்சருக்கு இப்போது தேவை நான்கு அவுட்புட் உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு. மென்பொருளில் எக்ஸ்டர்னல் மிக்சர் முறையைத் தேர்ந்தெடுத்து, முதல் டெக்கை (திரையில் ஒரு பாட்டு ஓடும் பகுதியை) 1–2க்கும் இரண்டாவதை 3–4க்கும் அனுப்புங்கள். திரையில் தெரியும் ஃபேடர்களை முழுக்க ஏற்றி, பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவை நடுவில் விட்டுவிடுங்கள், கலப்பதெல்லாம் மிக்சரில்தான். பின்பக்கம் லைன் துளையில் செருகுங்கள். அவசரத்தில் ஃபோனோ துளையில் செருகினால் பாட்டு கரகரத்துப் பேஸ் மட்டும் உறுமும். இசைத்தட்டு ஊசியின் சில மில்லிவோல்ட்டைச் சுமார் 100 மடங்கு பெருக்கி, கீழ்ஸ்தாயியை இன்னும் தூக்கிக்கொடுக்கும் சுற்று அது. லைன் சிக்னலை அது தாங்காது.

மணமக்கள் மேடையேறும் நேரத்தில் லேப்டாப் உறைந்து நின்றால் என்ன செய்வீர்கள்? மிக்சர் இருந்தால் ஒரு சேனலில் செல்போனைச் செருகி அடுத்த பாட்டை ஓட்டலாம். மைக்கும் தடையில்லாமல் பேசும். கல்யாண வேலைக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. லூப் (ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்ட), க்யூ (குறித்த இடத்துக்குத் தாவ) பட்டன்கள் வேண்டுமென்றால் சவுண்ட் கார்டு இல்லாத சின்ன மிடி பெட்டி ஒன்றை மிக்சர் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பையோடு தனியாளாகப் போகிறவருக்குக் கன்ட்ரோலர் சௌகரியம்தான். உள்ளேயே சவுண்ட் கார்டும் எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் ஆடியோ) அவுட்டும் இருக்க வேண்டும். கடையில் யுஎஸ்பி கேபிளைப் பிடுங்கிவிட்டு மைக், ஆக்ஸ் (செல்போன் போன்றவற்றைச் செருகும் துளை) இரண்டும் ஒலிக்கின்றனவா என்று பாருங்கள். அதற்குத் தனி அடாப்டர் இணைக்க வேண்டியிருக்கலாம். சில மாடல்களில் ஆக்ஸ் மென்பொருள் வழியாகவே போகும், லேப்டாப் விழுந்தால் அதுவும் விழும்.

கேள்வி: பழைய மிக்சரில் ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கிராஸ்ஃபேடரை நகர்த்தினால் கரகரவென்கிறது. கன்ட்ரோலரில் இந்தத் தொல்லை வராதா?
– வாசகர், விவேக் நகர்

பதில்: வேறு உருவத்தில் வரும். மிக்சர் ஃபேடரில் கார்பன் பாதை வழியாகச் சத்தமே போகிறது. தூசி படிந்தால் அது காதில் கேட்கும். கன்ட்ரோலர் ஃபேடரில் சத்தம் போகாததால் கரகரப்பு இருக்காது, ஆனால் எண்கள் துள்ளி ஒலி அளவு தானாக ஏறி இறங்கும். இரண்டுக்கும் ஃபேடர் கிளீனர் தெளித்து இருபது முறை நகர்த்திப் பாருங்கள். சாதாரணத் துரு நீக்கும் ஸ்ப்ரே வேண்டாம், எண்ணெய் தங்கித் தூசியை இன்னும் இழுக்கும். தேய்ந்தே போயிருந்தால் அதே நீளமும் ஓம் மதிப்பும் உள்ள ஃபேடரை எஸ்.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் தேடுங்கள். கழற்றிய பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள்.

கேள்வி: லேப்டாப் சார்ஜரைச் செருகினால் ஸ்பீக்கரில் உர்ர் சத்தம்.
– வாசகர், கே.ஆர். புரம்

பதில்: கழற்றினால் நிற்கிறதென்றால் கிரவுண்ட் லூப். லேப்டாப்பும் மண்டபத்து ஆம்பும் வெவ்வேறு பிளக்கில் எர்த் ஆகும்போது ஆடியோ கேபிளின் உறை வழியே 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓடுகிறது. முதலில் இரண்டையும் ஒரே போர்டில் செருகிப் பாருங்கள். போகாவிட்டால் மிக்சருக்கும் ஆம்புக்கும் நடுவே டிரான்ஸ்பார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (சிக்னலை மட்டும் கடத்தி, எர்த் தொடர்பைப் பிரிக்கும் பெட்டி) இரண்டு வையுங்கள், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போட்டதும் உறுமல் அடங்கும். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள். ஈரக் கையோடு மைக்கைப் பிடிப்பவருக்கு ஷாக் அடிக்கக்கூடும்.